வலு குறைந்த கைக்கு ஏற்ற தூண்டிலும் தோட்டமும்

ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மார்போடு அணைத்தபடி இரண்டு நிமிடம் நில்லுங்கள், ஒன்றும் தெரியாது. இப்போது அதே போத்தலைக் கையை முழுக்க நீட்டிப் பிடியுங்கள். அரை நிமிடத்தில் தோள் கடுக்க ஆரம்பித்துவிடும். எடை அதே ஒரு கிலோதான். உடம்பை விட்டு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்பதுதான் வித்தியாசம். வலு குறைந்த பிறகும் தூண்டில் போடவோ செடி வளர்க்கவோ ஆசைப்படுகிறவர்கள் முதலில் இந்தப் போத்தல் சோதனையைச் செய்து பாருங்கள். கீழே சொல்லப்போவதில் பாதி இதிலிருந்து வருவதுதான்.

என் வீட்டுக்காரருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது. வலது கையில் பிடி மட்டும் பாதிதான் வந்தது. எனக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம், விரல் மூட்டுகளில் காலையில் விறைப்பு. அவருக்குத் தூண்டில் உயிர், எனக்குச் செடி. வெளிநாடுகளில் வலு குறைந்த வேட்டைக்காரர்கள் துப்பாக்கியையும் வில்லையும் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வார்கள். சிங்கப்பூரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் காட்டு உயிர்களைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். நமக்கு மிஞ்சியது கடலோரமும் நீர்த்தேக்கக் கரையும் ஒரு சின்னத் தோட்டப் பாத்தியும்தான். கம்பத்தில், அதாவது கிராமத்தில், வளர்ந்த எங்களுக்கு அதுவே போதும். அதையும் விட்டுவிட்டு நாள் முழுக்கத் தொலைக்காட்சி முன்னால் உட்காருவது எங்களால் ஆகாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: எந்த அசைவு வலிக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இதற்கு முன்னால் கடைக்குப் போகாதீர்கள். நாங்கள் போனோம். "கோலைத் தூக்க முடியவில்லை" என்று அவர் சொன்னார் என்பதற்காக முந்நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து எடை குறைந்த கார்பன் கோல் ஒன்று வாங்கினோம். இரண்டாம் நாளே அது மூலைக்குப் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. கோல் அவருக்குப் பாரமாகவே இல்லை. ரீல் கைப்பிடியின் நுனியில் இருந்த சின்னக் குமிழை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துச் சுற்ற முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு பந்து அளவுக்குப் பெரிய குமிழ் மாட்டியதும் பழைய கோலிலேயே சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

அதனால் ஒரு வாரம் கவனியுங்கள். கிள்ளுவதா, இறுக்கிப் பிடிப்பதா, தோளுக்கு மேல் தூக்குவதா, குனிவதா, உட்கார்ந்து எழுவதா? எந்த வேலையின்போது எந்த இடத்தில் கை நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேலை முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி முன்பைவிடக் கூடுதலாக இருந்தால் அன்று செய்தது அதிகம் என்று அர்த்தம். மறுநாள் அதே வேலையைக் குறைத்துச் செய்யுங்கள். மருத்துவமனையில் ஆக்குப்பேஷனல் தெரப்பிஸ்ட்டைப் பார்க்கிறவர்கள் இந்தத் தாளையும் கொண்டுபோகலாம். "தூண்டில் போட வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சட்டை பொத்தான் மாட்டப் பழக்குகிறவர்கள் ரீல் சுற்றவும் பழக்கித் தருவார்கள்.

இரண்டாம் படி: கோல், ரீல், நரம்பு

படகுத்துறையில் பலர் வைத்திருப்பது பத்து, பன்னிரண்டு அடிக் கோல். நுனியில் நூறு கிராமுக்கு மேல் ஈயக்குண்டு. இங்கேதான் போத்தல் கணக்கு வருகிறது. பன்னிரண்டு அடி தள்ளித் தொங்கும் நூறு கிராம், மணிக்கட்டுக்கு ஓர் அடி தள்ளி ஒரு கிலோவுக்கு மேல் தூக்குவது போல இருக்கும். ஆறரை, ஏழு அடிக் கோலுக்கு மாறுங்கள். ரீல் 2500 அளவு போதும், கால் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஈயம் இருபது, முப்பது கிராம்.

இவ்வளவு சின்ன ஈயம் நீரோட்டத்தில் நிற்குமா என்று கேட்பீர்கள். ஓட்டம் வேகமாக இருக்கும்போது நிற்காது. அதனால் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடைவெளியில் தண்ணீர் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். அந்த நேரத்தைப் பார்த்துப் போனால் சின்ன ஈயமே வேலை செய்யும். கடல்துறை துறைமுக ஆணையத்தின் ஏற்ற வற்ற அட்டவணையில் ஒவ்வொரு நாளுக்கும் நேரம் இருக்கிறது.

சுழல் ரீல் வாங்குங்கள். அதன் கைப்பிடியைக் கழற்றி இடப்பக்கமோ வலப்பக்கமோ மாட்டலாம். வலு உள்ள கைதான் சுற்ற வேண்டும், கோலைத் தாங்குவது மற்றக் கையின் வேலை. என் வீட்டுக்காரர் கோலின் அடிப்பகுதியை வலது அக்குளில் செருகி, முன்கையோடு ஒரு வெல்க்ரோ பட்டையால் கட்டிக்கொள்கிறார். விரல்கள் இறுகப் பிடிக்க வேண்டியதே இல்லை. பட்டையை ஒரே இழுப்பில் அவிழும்படி கட்டுங்கள். பெரிய மீன் இழுத்தால் கோல் போனாலும் பரவாயில்லை, ஆள் கம்பி வேலிமேல் சாயக்கூடாது.

பிடி மெல்லியதாக இருந்தால் ஏர்கான் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வாங்கிவந்து நீளவாக்கில் கீறி மாட்டிவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் இரண்டு, மூன்று வெள்ளிதான். மெல்லிய கம்பை இறுக்கிப் பிடிப்பதைவிட நான்கு சென்டிமீட்டர் பருமனில் இருக்கிற ஒன்றைப் பிடிப்பது விறைத்த விரலுக்குச் சுகம். தோட்டக் கரண்டிக்கும் குடைக்கும் இதையேதான் நான் மாட்டியிருக்கிறேன்.

தூண்டில் நரம்பு எட்டு பவுண்டு தாங்கினால் போதும். ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை வழுக்கி விடும் பிடிப்பை) அந்த நரம்பு தாங்குவதில் நான்கில் ஒரு பங்குக்கு வையுங்கள், கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். பயணப் பெட்டியை நிறுக்கும் கைத்தராசு வீட்டில் இருந்தால் அதன் கொக்கியில் நரம்பை மாட்டி மெதுவாக இழுங்கள். ஒரு கிலோ காட்டும்போது ரீல் நூல் விட வேண்டும். இப்படி வைத்துவிட்டால் மீன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நரம்பில் கிட்டத்தட்ட ஒரு கிலோ இழுப்புக்கு மேல் வராது. அது ஓடட்டும், களைத்துப்போய்த் தானே வரும். பின்னல் நூல் மெல்லியது, விரலை வெட்டிவிடும். உணர்ச்சி குறைந்த கைக்கு அது வேண்டாம், சாதாரண நைலான் நரம்பே நல்லது.

முடிச்சு போடுவதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். நல்ல வெளிச்சத்தில் மேசையில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு தூண்டில் முள்களுக்குக் குட்டை நரம்பு கட்டி, மறுமுனையில் வளையம் போட்டு ஓர் அட்டையில் சுற்றி வைப்பது என் வேலை. துறையில் சுவிவல் கொக்கியை (நரம்பு முனையில் சுழலும் இணைப்பை) திறந்து வளையத்தை மாட்டினால் போதும். முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்ன எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கி மழுக்கிவிடுங்கள். மீன் வாயிலிருந்தும், சட்டையிலிருந்தும், விரலிலிருந்தும் சுலபமாக வரும். ஒரு கையால் இரை மாட்டுவதற்குப் பூட்டிக்கொள்ளும் ஃபோர்செப்ஸ் ஒன்று வேண்டும். முள்ளின் தண்டை அது கவ்விப் பிடித்துக்கொள்ள, அதைத் தொடையின் கீழ் அழுத்தி வைத்து, நல்ல கையால் இறாலைச் செருகலாம். முதல் தடவை அவர் இதைத் தனியாகச் செய்தபோது நான் ஒன்றும் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

மூன்றாம் படி: எங்கே தொடங்குவது

முதலில் கட்டண இறால் குளம். கோல் குட்டை, எடை இல்லை, நாற்காலி இருக்கும், கூரை இருக்கும், மணிக்கணக்கில் வாடகை. இரையைச் சின்னச் சின்னத் துண்டாக்குவதும் முள்ளில் மாட்டுவதும் விரல்களுக்கு நல்ல பயிற்சி. இறாலின் இடுக்கிக் கால் மட்டும் கவனம்.

அப்புறம் நீர்த்தேக்கம். பெடோக், லோயர் சிலேத்தார் போன்ற இடங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் தூண்டில் போடுவதற்கென்று இடங்களை ஒதுக்கியிருக்கிறது. அங்கே செயற்கை இரைக்கு மட்டும்தான் அனுமதி, புழுவும் இறாலும் கூடாது. செயற்கை இரையைத் திரும்பத் திரும்ப வீசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் தோள் பலவீனமானவர்களுக்கு அது எளிதல்ல. மணிக்கட்டு மட்டும் வலிக்கிறவர்கள் முயலலாம். அறிவிப்புப் பலகை இல்லாத கரையில் போடாதீர்கள்.

எங்களுக்குப் பிடித்தது படகுத்துறைதான். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் பெடோக் படகுத்துறை கிட்டத்தட்ட 250 மீட்டர் நீளம், சமதளம், கம்பி வேலி உண்டு, சக்கர நாற்காலியும் போகும். செம்பவாங் பூங்காவிலும் லாப்ரடாரிலும் துறை உண்டு. நிறையப் பேர் கடைசி முனைவரை நடந்துபோய் முடிந்தவரை தூரமாக வீசுவார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. துறையைத் தாங்கும் தூண்களில் சிப்பியும் பாசியும் ஒட்டியிருக்கும், அதைத் தின்ன மீன் தூணடிக்கே வரும். வேலியோரம் நாற்காலி போட்டு, ரீல் வளையத்தைத் திறந்து, இரையை நேராகக் கீழே இறக்குங்கள். வீச வேண்டாம், இறக்கினால் போதும். வலுவாக வீசிய காலத்தில் கிடைத்ததைவிட என் வீட்டுக்காரருக்கு இப்போது கடி அதிகம். சின்ன மீன்கள்தான், ஆனால் கை நிற்காமல் வேலை செய்கிறது.

கோலை வேலியில் சாய்த்து வைக்க ஒரு தாங்கி கட்டுங்கள். கையிலேயே பிடித்துக் காத்திருந்தால் அரை மணியில் பிடி போய்விடும்.

நான்காம் படி: மீன் மாட்டியபின்

துறை உயரமானது. கோலாலேயே மீனைத் தூக்க முயன்றால் மீன் வாய் கிழிந்து நழுவிவிடும், இல்லாவிட்டால் தோள் போகும். கயிற்றில் கட்டிய வட்ட வலையைக் கீழே இறக்கி, மீனை அதன்மேல் நடத்திக் கொண்டுவந்து, வலையைத்தான் தூக்க வேண்டும். இது இரண்டு பேர் வேலை, ஆள் இல்லாத நாளில் நரம்பை அறுத்து விட்டுவிடுங்கள்.

கெளுத்தி, திருக்கை, பெயர் தெரியாத முள் மீன் எதையும் கையால் தொடாதீர்கள். நீள மூக்கு இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள், முடியாவிட்டால் அதனருகே நரம்பை வெட்டிக் கடலுக்கே அனுப்புங்கள். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் தண்ணீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி குறையும், பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். பக்கவாதம் வந்த கைக்கோ சர்க்கரை நோயில் உணர்ச்சி குறைந்த காலுக்கோ சூடு சரியாகத் தெரியாது. தண்ணீரை நல்ல கையால் தொட்டுப் பார்த்தபின் அமிழ்த்துங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கொப்புளம் வந்தபின்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சாமான் எல்லாம் சந்தைக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டியில். பெரிய சக்கரம் உள்ளதாகப் பாருங்கள். தண்ணீர், பனிக்கட்டி ஆகிய பாரமானவை அடியில்.

ஐந்தாம் படி: தோட்டம்

தரையில் குந்தி உட்கார்ந்து கொத்துவது எனக்கு முடிந்துபோன கதை. தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் பாத்தி என்னைக் காப்பாற்றியது. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பெட்டி. நான் எடுத்தபோது ஆண்டுக்கு 57 வெள்ளி, ஜிஎஸ்டி தனி, மூன்று ஆண்டுவரை வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பிக்கிறவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் நடக்கும். அகலம் ஒரு மீட்டர்தான் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு பக்கமும் போக முடிந்தால் கை ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் நீள வேண்டியதில்லை. மறுபடியும் போத்தல் கணக்குதான். நடுவில் அடிக்கடி பறிக்கத் தேவையில்லாத மஞ்சள், செரை (எலுமிச்சைப் புல்) போன்றவற்றையும் ஓரங்களில் தினமும் கிள்ளும் கீரையையும் வையுங்கள்.

பாத்தி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு வாசலில் நான்கு தொட்டி வைக்கலாம், நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும் என்பது தீயணைப்பு விதி. தொட்டியைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயர அலமாரியில் வையுங்கள். புளோக்குக்குப் பக்கத்திலேயே சமூகத் தோட்டம் இருந்தால் போய்ப் பேசிப் பாருங்கள். குனிய முடியாது என்று முதலிலேயே சொல்லுங்கள், விதை போடுவது, நாற்று பிரிப்பது என்று உட்கார்ந்து செய்யும் வேலையைக் கொடுப்பார்கள்.

செடியையும் கைக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். பொன்னாங்கண்ணி தண்டை ஒடித்துச் செருகினால் வரும், கிள்ளக் கிள்ளத் தழைக்கும். கங்குங் கீரையை வேரோடு பிடுங்காமல் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வெண்டை நின்றபடி பறிக்கலாம். பாகலையும் புடலையையும் பந்தலாகப் போடாதீர்கள், தலைக்கு மேல் கையைத் தூக்க வேண்டிவரும். கண் உயரத்துக்கு வலை கட்டிச் செங்குத்தாக ஏற்றுங்கள், காய் நெஞ்சுக்கு நேராகத் தொங்கும். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் வேண்டாம். தோண்டிப் பிடுங்கும் வேலை நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை.

மண் மூட்டையை யாராவது தூக்கித் தந்தாலும் முழுதாக அப்படியே வைக்காதீர்கள். வாங்கிய அன்றே சின்னப் பைகளில் பிரித்துவிடுங்கள், ஒரு பை இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். பூவாளியில் பத்து லிட்டர் பிடித்தால் பத்துக் கிலோ. நான் ஒன்றரை லிட்டர்ப் போத்தல் இரண்டின் மூடியில் துளை போட்டு, இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோகிறேன். பாரம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் முதுகு சாயாது. நடை நான்கு தடவை ஆகும், ஆகட்டும்.

கத்தரிக்கோலில் ராட்செட் வகை என்று ஒன்று உண்டு. ஒரே அழுத்தில் வெட்டாமல் பல் பல்லாக மூன்று நான்கு அழுத்தில் வெட்டும். கறிவேப்பிலைக் கிளையை இரண்டு கையாலும் வெட்ட முடியாமல் திணறியவள் நான், இப்போது ஒரு கையால் வெட்டுகிறேன். உங்கள் தோட்டத்துக்கு ஒரே ஒரு சாமான் வாங்குவதாக இருந்தால் இதையே வாங்குங்கள்.

களை பிடுங்கும் வேலையைக் குறைக்க மண்மேல் காய்ந்த இலையைப் பரப்புங்கள், ஈரமும் நிற்கும். தொட்டித் தட்டில் மட்டும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு ஒரு காசு அளவுத் தண்ணீரில்கூட முட்டையிடும். தட்டையே எடுத்துவிடுவது நல்லது, தினமும் அதைக் குனிந்து கவிழ்க்கும் வேலையும் மிச்சம்.

ஆறாம் படி: வீடும் உதவித்தொகையும்

வீட்டில் வழுக்கி விழுந்து கையோ காலோ போனால் தோட்டமும் இல்லை, தூண்டிலும் இல்லை. 65 வயதோ அதற்கு மேலோ ஆன குடிமக்கள் இருக்கும் வீவக வீட்டுக்கு 'ஈஸ்' திட்டத்தில் குளியலறைக் கைப்பிடியும் வழுக்காத தரையும் செய்து தருகிறார்கள், செலவில் 95 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்கிறது. கைத்தடி, சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு முதியோர் நடமாட்ட நிதி உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை கிடைக்கும். மருத்துவமனை சிகிச்சையாளரிடமே கேளுங்கள், தாள்களை அவர்களே தொடங்கி வைப்பார்கள்.

ஏழாம் படி: வெயில், இடி, துணை

காலை ஏழு மணிக்கு இங்கே வெளிச்சம் வரும், ஆண்டு முழுக்க அப்படித்தான். ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாற்காலியிலிருந்து சட்டென்று எழாதீர்கள். வேலியைப் பிடித்து, பத்து எண்ணி, அப்புறம் நடங்கள்.

இடிச்சத்தம் கேட்டால் அந்த நிமிடமே கோலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போங்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும், திறந்த துறையில் நீங்கள்தான் உயரமானவர். நமக்கு நடை மெதுவென்பதால் மழை வந்தபின் கிளம்பினால் பாதி வழியில்தான் இருப்போம். வானம் கறுக்கும்போதே கிளம்புங்கள். கைப்பேசி இடுப்புப் பையில் இருக்கட்டும். அவசரமென்றால் 995, பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணைச் சொன்னால் இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்.

துணையைப் பற்றி. உதவி கேட்பது என் வீட்டுக்காரருக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அவருடைய பன்னிரண்டு அடிக் கோல் ஒரு வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எங்கள் புளோக்கில் எட்டாம் மாடியில் இருக்கும் ஒரு தம்பி மின்தூக்கியில் எங்களைப் பார்க்கும்போதெல்லாம், "அங்கிள், எப்போது போகலாம்?" என்று கேட்பார். ஒரு நாள் இவர் உள்ளே போய் அந்தக் கோலை எடுத்து வந்து, துணியால் துடைத்து, "இதை நீ வைத்துக்கொள் தம்பி. எனக்கு வலை தூக்க ஆள் வேண்டும்" என்றார். அந்தத் தம்பி கடைசி முனையில் நின்று தூரமாக வீசுவார், இவர் வேலியோரம் உட்கார்ந்து தூணடியில் இறக்குவார். இவரிடமிருந்து ஒரு விசில் வந்தால் வலையோடு ஓடி வருவார். தம்பிக்கு விடுமுறை சனிக்கிழமை என்பதால் நாங்களும் சனிக்கிழமைக்கு மாறிவிட்டோம். அட்டவணையைப் பார்த்து எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்று வெள்ளிக்கிழமை இரவே அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது என் பொறுப்பு.